மேற்குப் பக்கத்துத் தண்ணீர்

ஒரே நேரத்தில் ஃப்ளஷ் அழுத்த ஆள் தேவை என்று ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருவுக்குள் வந்து சொல்லிவிட்டுப் போனபோது முதலில் யாரும் நம்பவில்லை. யாரோ கேலி செய்கிறார்கள் என்று நினைத்தார்கள். வண்டி தெருக்கோடியில் திரும்பி வந்து இன்னொரு தடவை நிதானமாகச் சொன்னது. புது மைதானத்தில் உள்ள அத்தனை கழிப்பறைகளிலும் ஆளுக்கு ஒன்றில் நிற்க வேண்டும். விசில் ஊதியதும் எல்லாரும் சேர்ந்து அழுத்த வேண்டும். வருகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு உண்டு, ஒரு தொப்பி உண்டு, மைதானத்தை உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

மைதானத்தை உள்ளே போய்ப் பார்க்கலாம் என்பதில் தெரு விழுந்துவிட்டது. வருஷக்கணக்காக அது அவர்கள் கண்ணெதிரே வளர்ந்துகொண்டிருந்தது. முதலில் ஒரு பள்ளம். எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். பிறகு கம்பிக் காடு. பிறகு சாயங்கால வெயிலையே மறைத்துக்கொண்டு ஒரு சுவர். துணி காயப்போடும் நேரத்தைக்கூடத் தெரு மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. உலகத்து நாடுகளில் இருந்தெல்லாம் ஓடுகிறவர்களும் தாண்டுகிறவர்களும் எறிகிறவர்களும் அங்கே வந்து இறங்கப்போகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று, உள்ளே வேலைக்குப் போகிறவர்களைத் தவிர, ஒருவரும் பார்த்ததில்லை.

அந்தத் தெருவில் ஒரு வீட்டில் அவளும் கணவரும் நாத்தனாரும் இருந்தார்கள். நாத்தனார் அன்றைக்கே பேர் கொடுத்துவிட்டு வந்தாள். தையல் கூடத்தில் பித்தான் வைக்கிற வேலை அவளுக்கு. விளையாட்டு பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டப் போகிறவர்களின் சட்டைகளுக்கு மாதக்கணக்காகப் பித்தான் வைத்து விரல் நுனியெல்லாம் காய்த்திருந்தது. கல்யாணம் வேண்டாம் என்று அண்ணன் வீட்டோடு இருந்துவிட்டவள். வாய் மட்டும் மூன்று பேருக்கு உண்டு.

"அண்ணி, நாடே ஓடப் போகுது, தாண்டப் போகுது. நான் அழுத்தப் போறேன். எல்லாரும் ஏதாவது ஒரு விதத்துல கலந்துக்கணும்ல?"

"வெளிய சொல்லிட்டுத் திரியாத. மானம் போயிடும்."

"இதுல என்ன மானம்? தங்க மெடல் வாங்கறவனும் அங்க வந்து உக்காந்துதான் ஆகணும். அவனுக்கு முன்னாடி நான் போய்ப் பாத்துட்டு வர்றேன். மேற்குப் பக்கம், மூணாவது மாடி போட்டிருக்காங்க. நல்ல காத்து வருமாம்."

"கழிப்பறைல காத்து எதுக்குடி?"

"ஏன், மூக்கு வேலை செய்யாதா அங்க?"

இருவரும் சிரித்தார்கள். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அவளுடைய கணவர் நிமிர்ந்து, தங்கை முகத்தைப் பார்த்து, மனைவி முகத்தைப் பார்த்து, பிறகு தானும் சிரித்தார். அவர் சிரித்தபோது அவர்கள் சிரித்து முடித்திருந்தார்கள்.

அவர் அந்த மைதானத்தில்தான் குழாய் வேலை செய்தார். வேலையிடத்தில் அவருக்குப் பெயர் 'காது'. இளையவர்கள் காதண்ணே என்பார்கள். சுவர்களுக்கு நடுவில் குழாய்கள் ஏறிப்போகிற ஒடுங்கிய இடத்துக்குச் சந்து என்று பெயர். ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையலாம். குழாயில் தண்ணீரை ஏற்றி நிறுத்திவிட்டு, அவர் சந்துக்குள் நுழைந்து, ஒரு நீளக் கம்பியின் முனையை ஜாயின்ட் மேல் வைத்து, மறுமுனையில் இருக்கும் மரக்குமிழில் காதைக் கொடுப்பார். நல்ல ஜாயின்ட் பேசாது. கெட்டுப் போகப் போகிற ஜாயின்ட், வெளியே ஒரு சொட்டுக்கூடக் காட்டுவதற்கு முன்னாலேயே உள்ளுக்குள் பேசத் தொடங்கிவிடும். பேசாததற்கு நீலச் சாக்கட்டியால் வட்டம் போடுவார். அவர் வட்டம் போட்டுவிட்டால் மேஸ்திரி மறுபேச்சில்லாமல் சந்தின் கதவைப் பூட்டிவிடுவார்.

இரும்பு பேசினால் கேட்கிறது, பெண்டாட்டி பேசினால் கேட்கிறதில்லை என்று அவள் நினைத்துக்கொள்வாள். ஒரு காலத்தில் அதை அவரிடமே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறாள். இப்போது சொல்வதில்லை. ஒரு வருஷமாகவே அவர் ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தார். கேட்டதற்குப் பதில் வராது. வந்தாலும் 'ம்' என்று வரும், கேட்டது வேறாக இருக்கும். முதலில் குரலை உயர்த்திப் பார்த்தாள், நாத்தனார் எதிரில் அது சண்டை போல ஒலித்தது. பிறகு தாழ்த்திக்கொண்டாள். பிறகு தேவையானதற்கு மட்டும் பேசினாள். பேச்சு குறைந்த வீட்டில் பாத்திரச் சத்தம் எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் தெரிந்தது.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் அவர் வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து வேலைச் செருப்பில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவள் பின்னால் நின்று, பெரிதாகத் திட்டம் ஒன்றும் இல்லாமல், "ஒரு நாள் நான் கிளம்பிப் போயிடுவேன். நீங்க கவனிக்கக்கூட மாட்டீங்க" என்றாள். சொன்ன பிறகுதான் அது எத்தனை நாளாகத் தனக்குள் இருந்தது என்று அவளுக்கே தெரிந்தது. அவர் செருப்பை இரண்டு தட்டுத் தட்டிச் சுவரோரம் வைத்தார். எழுந்து திரும்பி, "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டார்.

அவள் போய்ப் பரிமாறினாள்.

அதற்கு மேல் என்ன பதில் வேண்டும்? மைதான வேலை முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவதாக முடிவு செய்துகொண்டாள். அக்காவிடம் போனிலும் சொல்லிவிட்டாள். சண்டை இல்லை, அடி இல்லை, குடி இல்லை. ஏன் வருகிறாய் என்று அக்கா கேட்டதற்கு அவளால் சரியாகச் சொல்ல முடியவில்லை. "அங்க நான் இருக்கறது தெரியல" என்று மட்டும் சொன்னாள்.

*

அவளும் அந்த மைதானத்தில்தான் வேலை செய்தாள், துப்புரவு ஆட்களோடு. சிமெண்ட் தூசி என்பது துடைத்தால் போகிறதல்ல. துடைக்கத் துடைக்க வெள்ளையாகப் பூத்துக்கொண்டே வரும். கண்ணாடி, கைப்பிடி, நாற்காலி முதுகு, எல்லாவற்றையும் மூன்று ஈரத்துணி மாற்றித் துடைக்க வேண்டும். தூசி மூக்கில் ஏறிச் சோற்றிலும் அதே ருசி வரும்.

இருந்தாலும் ஒவ்வொரு காலையும், கீழ்ப் பாதையின் இருட்டிலிருந்து வெளியே வரும் அந்த இடத்தில் அவள் நின்றுவிடுவாள். எத்தனை நாள் வந்தும் அது பழகவில்லை. இருட்டு முடிந்ததும் ஒரேயடியாக வெளிச்சம். நடுவில் பச்சை, சுற்றிலும் காலி நாற்காலிகள் மேலே மேலே போய், கடைசி வரிசை கண்ணுக்கே எட்டாமல், அதற்கு மேல் வட்டமாக வெட்டி எடுத்த வானம். இத்தனை பேர் வந்து உட்காருவார்கள் என்று யாரோ ஒருவர் முதலில் மனதில் பார்த்திருக்கிறாரே என்று நினைப்பாள். மேகம் ஒன்று ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போக எடுத்துக்கொள்ளும் நேரம் நின்றுவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு நடப்பாள்.

குழாய்கள் தாங்குமா என்று எல்லாரும் சேர்ந்து அழுத்திப் பார்க்கும் சோதனைக்கு முந்தின நாள் மேற்குப் பக்கம் மூன்றாவது மாடி அவளுக்கு. வெளியே வெயில் கொதித்தது. பெண்கள் கழிப்பறையின் கண்ணாடிகளை முடித்துவிட்டு, கடைசியில் இருந்த சந்துக் கதவில் குளிர்ச்சிக்காகச் சாய்ந்து உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் ஏதோ சத்தம். மிக மெல்லியது. தூங்குகிற குழந்தையை எழுப்பாதே என்று யாரோ உதட்டில் விரல் வைத்துச் சொல்வது போல. ஸ்ஸ்... நிற்கவே இல்லை.

கதவு இன்னும் பூட்டப்படவில்லை. திறந்தாள். இருட்டில் குழாய்கள் மேலே ஏறிப்போயின. அவள் தலைக்கு நேராக ஒரு ஜாயின்ட். காதைப் பக்கத்தில் கொண்டுபோனாள். அதுதான். ஈரம் இல்லை, சொட்டு இல்லை. பேசிக்கொண்டிருந்தது. அதன் மேல் நீலச் சாக்கட்டியில் ஒரு வட்டம், புதுசு. அவர் போடும் வட்டம் எப்போதும் முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு வாலோடு நிற்கும். வாலும் இருந்தது.

அவசரத்தில் போட்டிருப்பார் என்று முதலில் நினைத்தாள். அவர் அவசரப்படுகிறவர் இல்லை. அலட்சியமா? சட்டைப் பித்தானையே இரண்டு தடவை சரிபார்க்கிற மனிதர். கம்பி இல்லாமல், பழக்கம் இல்லாத அவளுக்கே கேட்கிறதே!

கதவின் கைப்பிடியைப் பிடித்தபடியே அவள் நின்றாள். டீவியின் சத்தத்தை நாத்தனார் குறைக்கக் குறைக்க அவர் ஏற்றுவது. வாசலில் யாராவது கூப்பிட்டால் அவள் எழுந்த பிறகு எழுவது. எல்லாரும் சிரித்த பிறகு சிரிப்பது. காலையில் மரத்தில் குருவிகள் என்ன கத்தல் என்று அவள் சொன்னபோது, மரத்தைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு 'ம்' என்றது.

காது கேட்காத மனிதருக்கு எல்லா ஜாயின்டும் நல்ல ஜாயின்ட்தான்.

கோபமோ பயமோ வருவதற்கு முன்னால் அவளுக்கு வந்தது பிரமிப்பு. பாதையின் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரும் இடத்தில் வருகிற அதே பிரமிப்பு. ஒரு வருஷமாக அவள் பேசியதெல்லாம், முணுமுணுத்தது, கெஞ்சியது, குத்திக் காட்டியது, வாசலில் அன்றைக்குச் சொன்னது உட்பட, ஒன்றும் அவரிடம் போய்ச் சேரவே இல்லை. அவர் பதில் சொல்லாமல் இருக்கவில்லை. அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவே இல்லை.

அவள் எவ்வளவு பெரிய வீட்டைத் தன்னந்தனியாகக் கட்டி, அதற்குள் அவரைக் குற்றவாளியாக நிற்க வைத்திருந்தாள்!

*

சாயங்காலம் நாத்தனாரை ரொட்டி வாங்கக் கடைக்கு அனுப்பினாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து விரலில் ஒட்டிய பிசினை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் பின்னால் நின்று, எப்போதும் பேசுகிற குரலில், "மேற்குப் பக்கம் மூணாவது மாடில ஒரு ஜாயின்ட் பேசுது" என்றாள்.

அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவள் சுற்றிக்கொண்டு எதிரே போய் உட்கார்ந்தாள். அதையே இன்னொரு தடவை சொன்னாள். துணி அவர் கையில் நின்றது.

"எது?"

"பொம்பளைங்க பக்கம், கடைசிச் சந்து. உங்க வட்டம் இருக்கு."

"இருக்காது. நான் கேட்டுத்தான் போட்டேன்."

"என்ன கேட்டுச்சு உங்களுக்கு?"

"ஒண்ணும் கேக்கல. அதான் போட்டேன்."

சொல்லி முடித்த பிறகு தான் சொன்னது அவருக்கே விளங்கியது போல முகம் மாறியது. சட்டென்று எழுந்தார்.

"உனக்கென்ன தெரியும் ஜாயின்டைப் பத்தி? தரையைத் தொடைக்கற வேலையை மட்டும் பாரு."

"திட்டுங்க. ஆனா என் மூஞ்சியைப் பாத்துத் திட்டுங்க. நான் திருப்பிச் சொல்றது உங்களுக்குத் தெரியணும்ல."

அவர் நின்றார். பிறகு மெல்ல உட்கார்ந்தார். வெளியே தெருவில் பிள்ளைகள் ஏதோ நாட்டின் பெயரைக் கத்திக்கொண்டு ஓடினார்கள், அவர் திரும்பவில்லை.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாள்.

"பாறை உடைச்ச வருஷத்துலேர்ந்து. அந்த மெஷின் பக்கத்துலயே இருந்தேன்ல. முதல்ல காதுக்குள்ள வண்டு மாதிரி. சரியாயிடும்னு நெனச்சேன்." பிசின் துணியை மடித்தார், பிரித்தார். "எல்லாம் ஒண்ணாப் போகல. மேஸ்திரி கத்துனா கேக்குது. லாரி வந்தா கேக்குது. மெல்லிசா இருக்கறதுதான் போகும்போல. விசில் போச்சு. குருவி போச்சு."

"நான்?"

அவர் அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

"உன் குரல்தான் முதல்ல போச்சு."

அவள் அவர் தாடையைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? வேலை செய்யற எடத்துல எனக்குப் பேரே காது. காது போன காதுன்னு சிரிப்பாங்க. உங்கிட்ட சொன்னா நீ உரக்கப் பேசுவ. தெருவுக்கே தெரியும். கம்பியை வெச்சா ஏதோ கொஞ்சம் வந்துட்டுதான் இருந்துச்சு. கிழக்குப் பக்கம் கேட்டப்ப வந்துச்சு. மேற்குக்கு வந்தப்ப..." கையை விரித்தார். "எல்லாமே நல்லா இருக்குன்னு நெனச்சேன். பசங்க நல்லா வேலை கத்துக்கிட்டாங்கன்னு சந்தோஷமாக்கூட இருந்துச்சு."

"நாளைக்கு எல்லாரும் சேந்து அழுத்தினா அந்த ஜாயின்ட் என்ன ஆகும்?"

வேலையைப் பற்றிக் கேட்டதும் அவர் குரல் சமனானது. "எல்லாம் ஒரே சமயத்துல திறந்து ஒரே சமயத்துல மூடும். ஓடற தண்ணி போக எடமில்லாம திரும்பி வந்து சம்மட்டி மாதிரி அடிக்கும். எளைச்ச ஜாயின்ட்லதான் அடிக்கும். பிஞ்சா, சொவத்துப் பலகையோட வரும்."

"உங்க தங்கச்சி நிக்கற எடம் அது."

அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இன்னொரு தடவை சொல்லத் தேவைப்படவில்லை.

"காலைல சொல்லிடறேன்" என்றார்.

"நீங்க சொல்லலேன்னா நான் சொல்வேன்."

"தெரியும்."

ரொட்டியோடு வந்த நாத்தனார் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றாள். "என்ன, பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி உக்காந்திருக்கீங்க? நான் வேணா இன்னொரு தடவை கடைக்குப் போயிட்டு வரட்டுமா?"

*

மறுநாள் காலை மைதானத்தில், குழாய் வேலைகளுக்குப் பொறுப்பான இன்ஜினியர் அம்மா தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றபடியே டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்லச் சொல்ல டீயைக் கீழே வைத்தாள். மேஸ்திரி இரண்டடி தள்ளி நின்று தரையைப் பார்த்தார்.

"மேற்கு மட்டும்தானா?"

"மேற்கு மட்டும்தான், மேடம். மத்த பக்கமெல்லாம் அதுக்கு முன்னாடி, நெஜமாவே கேட்டுப் போட்டது."

"ஏண்ணே இவ்வளவு நாள் சொல்லல?"

அவருக்குக் கேட்கவில்லை. கூட வந்திருந்த மனைவி எதிரே வந்து அதைத் திருப்பிச் சொன்னாள். அவர் கம்பியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"உங்களை நல்லாத் திட்டணும். இப்ப நேரமில்ல" என்றாள் இன்ஜினியர் அம்மா. "கசிவைக் கேக்கறதுக்கு இருக்கற மெஷின் ஒண்ணுதான். அது வடக்குல மாட்டியிருக்கு, சாயங்காலம்தான் வரும். ஆளுங்க மதியம் வந்துடுவாங்க. மேற்கை விட்டுட்டு டெஸ்ட் பண்ணலாம், ஆனா அது டெஸ்ட்டே இல்ல." மேஸ்திரியைப் பார்த்தாள். "கேக்கத் தெரிஞ்சவங்க யாரு இருக்கா?"

மேஸ்திரி மெதுவாக, "இவர்தான்மா கேப்பாரு" என்றார். அதைச் சொல்ல அவருக்கே கஷ்டமாக இருந்தது.

"நான் கேக்கறேன்" என்றாள் அவள்.

இருவரும் திரும்பினார்கள், அவர்களைப் பார்த்து அவரும் திரும்பினார். வாளியும் துணியுமாக நிற்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"பழக்கம் இருக்கா உங்களுக்கு?"

"இல்லங்க. நேத்து கேட்டுச்சு. கேக்கறதை நான் சொல்றேன், என்னன்னு அவர் சொல்லட்டும்."

இன்ஜினியர் அம்மா தன் தலைக்கவசத்தையே எடுத்து அவள் தலையில் வைத்தாள். "சந்தேகம் இருந்தா இருக்குன்னு சொல்லணும். நல்லா இருக்குன்னு சொல்லி என்னைச் சந்தோஷப்படுத்த வேண்டாம்."

முதல் சந்துக்குள் அவர் முன்னாலும் அவள் பின்னாலும் நுழைந்தார்கள். டார்ச்சைத் தன் மேல் சட்டைப் பைக்குள் செருகி அவள் முகத்தில் வெளிச்சம் விழும்படி வைத்துக்கொண்டார். கம்பியைக் குழாயில் ஊன்றி மரக்குமிழைக் காட்டினார். அவள் காதைக் கொடுத்தாள்.

கொடுத்த வேகத்தில் எடுத்துவிட்டாள்.

"என்ன?"

"உள்ள யாரோ இருக்காங்க."

அவர் சிரித்தார். "திரும்ப வை."

வைத்தாள். எங்கோ ஆழத்தில் ஒரு பெரிய மிருகம் நிதானமாக மூச்சு விட்டது. அதற்கு மேல் யாரோ நடந்தார்கள், எந்த மாடியிலோ. ஒரு சுத்தியல், தூரத்தில், தண்ணீருக்கடியில் அடிப்பது போல. ஏதோ சங்கிலி உரசியது. ஒரு மனிதர் இருமினார். அத்தனை காலமாக வெளித்தோலை மட்டும் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். உள்ளே இவ்வளவும் நடந்துகொண்டிருந்தது. இந்தச் சத்தங்களுக்கு நடுவில் வாழ்ந்த மனிதருக்கு அது ஒவ்வொன்றாக அணைந்து போயிருக்கிறது, வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல்.

"சொல்லு. என்ன கேக்குது?"

"மூச்சு விடற மாதிரி."

"அது பம்ப். அதை விடு. அதுக்கு மேல?"

"நடக்கறாங்க."

"அதையும் விடு. கிட்டத்துல?"

"கிட்டத்துல... ஒண்ணும் இல்ல."

"நெஜமா?"

"நெஜமா."

நீல வட்டத்துக்குள் வெள்ளையில் ஒரு கோடு போட்டார். அடுத்தது. அதற்கடுத்தது. நேற்று அவள் கேட்ட ஜாயின்டுக்கு வந்தபோது, "பல்லுக்கு நடுவுல காத்தை இழுக்கற மாதிரி" என்றாள்.

"இழுத்துக் காட்டு."

இழுத்துக் காட்டினாள். அவர் அவள் வாயைக் கூர்ந்து பார்த்தார்.

"விட்டு விட்டா, ஒரே இழுப்பா?"

"ஒரே இழுப்பு."

ரெஞ்சை மாட்டி, உடம்பின் எடையைக் கொடுத்து ஒரு சுற்று திருப்பினார். "இப்போ?"

"கொறையுது... இன்னும் கொஞ்சம்... நின்னுடுச்சு."

"அப்படியே இன்னும் கொஞ்ச நேரம் கேளு. சில ஜாயின்ட் நாம போற வரைக்கும் நல்ல பிள்ளையா இருக்கும்."

கேட்டாள். அவருடைய மூச்சு அவள் கன்னத்தில் பட்டது. வெளியே மேஸ்திரியின் தலை எட்டிப் பார்த்தது. "என்ன காதண்ணே, சந்துக்குள்ள புருஷன் பொண்டாட்டிக்கு என்ன கொஞ்சல்?"

அவர் அவளைப் பார்த்தார். பேர் தெரியாத ஒரு கூச்சத்தோடு அவள், "கொஞ்சறோமாம்" என்று திருப்பிச் சொன்னாள்.

"எங்க கொஞ்சறது, முட்டிதான் இடிக்குது" என்றார் அவர், கொஞ்சம் உரக்கவே. மேஸ்திரி சிரித்துக்கொண்டு போனார்.

கடைசியாக மேல் வரிசையையும் முடித்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்தார்கள். கீழே பச்சைத் தரையில் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் சுழன்றன. மேகம் கூடியிருந்தது. காற்று காலி நாற்காலிகளைத் தடவிக்கொண்டு வந்தது. அவர் முட்டையை இரண்டாகப் பிளந்து பெரியதை அவள் பக்கம் தள்ளினார்.

"இந்த ஒரு வருஷத்துல வேற என்னல்லாம் நான் கேக்காம விட்டேன்?"

அவள் சின்னச் சின்னதாகச் சொன்னாள். அக்காவுக்கு முட்டிவலி என்றது. நாத்தனாருக்குக் கண்ணாடி போட வேண்டும் என்றது. ஒரு புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறதா என்று கேட்டது.

"அதுக்கு நான் என்ன சொன்னேன்?"

"'நாளைக்குப் பாக்கலாம்'னீங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரிப்பு முடிந்த இடத்தில், நிறுத்தாமல், அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி, வாசலில் அன்றைக்குச் சொன்னதையும் சொன்னாள். வார்த்தை மாற்றாமல் சொன்னாள்.

அவர் கையில் இருந்த சோறு கையிலேயே இருந்தது.

"எப்ப சொன்ன?"

"மழைக்கு முன்னாடி. நீங்க செருப்புச் சேத்தைச் சுரண்டிட்டு இருந்தீங்க."

"நான் என்ன செஞ்சேன்?"

"சாப்பாடு ஆச்சான்னு கேட்டீங்க."

அவர் தண்ணீர் தெளிக்கும் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தது.

"அக்கா வீட்டுக்கா?"

"ம்."

"சொல்லிட்டியா அவங்ககிட்ட?"

"சொல்லிட்டேன்."

"இப்பக் கேட்டுடுச்சு" என்றார் அவர். அதற்கு மேல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கீழேயிருந்து இன்ஜினியர் அம்மா கைதட்டிக் கூப்பிட்டாள். அது அவளுக்குத்தான் கேட்டது. எழுந்து, அவருக்குக் கை கொடுத்தாள்.

*

மதியத்துக்கு மேல் தெருக்கள் மைதானத்துக்குள் வந்தன. பள்ளிக்கூட வாத்தியார்கள், ஆட்டோக்காரர்கள், ஆஸ்பத்திரி நர்ஸுகள், ரொட்டிக் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு. எல்லார் தலையிலும் ஒரே நிறத் தொப்பி. பாதையின் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரும் இடத்தில் ஒவ்வொருவரும் நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் இடித்தார்கள், பிறகு அவர்களும் நின்றார்கள். நாத்தனார் திறந்த வாயை மூடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அவளிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் போனதை அண்ணி பார்த்தது அதுதான் முதல் தடவை.

மேற்குப் பக்கத்தின் அடியில், தரைக்குக் கீழே, தாய்க்குழாய் இருந்தது. இரண்டு கை சேர்த்தாலும் கட்டி அணைக்க முடியாத பருமன். மேலே போகிற தண்ணீர் எல்லாம் அதிலிருந்துதான். அந்த அறையில் வயர்லெஸ்ஸோடு இன்ஜினியர் அம்மா நின்றாள். மேஸ்திரி வால்வுச் சக்கரத்தின் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தார். எங்காவது பிய்ந்தால் உடனே மூட வேண்டும். கம்பியைக் கொண்டுவரச் சொல்லி யாரும் அவள் கணவரிடம் சொல்லவில்லை, ஆனாலும் கொண்டுவந்திருந்தார். அவர் அதைச் சுவரில் சாய்த்துவிட்டு வெறும் கையோடு குழாய் பக்கத்தில் நின்றார். அவர் கண்ணில் பயம் தெரிந்தது, அது அவளுக்கும் தொற்றியது. ஒரு ஜாயின்டை, ஒன்றே ஒன்றை, அவள் சரியாகக் கேட்காமல் விட்டிருந்தால்? தன் காதை நம்பி எத்தனை பேர் மேலே நிற்கிறார்கள். இத்தனை வருஷம் ஒவ்வொரு நாளும் அவர் இதைச் சுமந்திருக்கிறார்.

"எல்லாரும் ரெடியா?" என்று வயர்லெஸ்ஸில் கேட்டாள் இன்ஜினியர் அம்மா. கிழக்கு ரெடி. வடக்கு ரெடி. தெற்கு. மேற்கு.

அவர் தலைக்கவசத்தைக் கழற்றி, இரண்டு உள்ளங்கையையும் குழாயில் பதித்து, நெற்றியையும் அதன் மேல் வைத்தார். அவளும் பக்கத்தில் கை வைத்தாள்.

விசில்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குழாய் மூச்சை உள்ளே இழுத்தது. அவள் கைக்குக் கீழே இரும்பு குளிர்ந்து, இறுகி, நடுங்கியது. அதற்குப் பிறகு மேலே எங்கும், நாலு பக்கமும், ஒரே சமயத்தில், மலையிலிருந்து எதுவோ இறங்கி வருவது போல. சத்தம் காதால் வரவில்லை, காலால் வந்தது. தரையில் இருந்து முழங்காலுக்கு, வயிற்றுக்கு, பல்லுக்கு. ஓர் ஆறு நிமிர்ந்து எழுந்து நின்று மாடிமாடியாக ஏறிக் கீழே விழுந்தது. மேஸ்திரியின் வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. அந்த நிமிஷம் அந்த அறையில் ஒருவருக்கும் காது இல்லை.

அப்புறம் அடி. எல்லாம் மூடிய அந்த நொடியில் திரும்பி வந்த தண்ணீர் குழாயை ஒரே ஒரு உலுக்கு உலுக்கியது. மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார்.

குழாய் நின்றது. நடுக்கம் குறைந்துகொண்டே போயிற்று. வயர்லெஸ்ஸில் கரகரப்பு. "கிழக்கு சரி." "வடக்கு சரி." "தெற்கு ஓகேங்க." மேற்கு வரவில்லை. இன்ஜினியர் அம்மா பொத்தானை அழுத்தி, "மேற்கு?" என்றாள். பதில் இல்லை. "மேற்கு?"

"மேற்கு சரி, மேடம். எல்லாச் சந்தும் திறந்து பாத்துட்டோம். ஒரு சொட்டு இல்ல."

மேலே கூச்சல் எழுந்தது. கைதட்டினார்கள், ஊளையிட்டார்கள், யாரோ நாட்டின் பெயரைச் சொல்லிக் கத்த எல்லாரும் திருப்பிக் கத்தினார்கள். அந்த மைதானத்தில் எழுந்த முதல் ஆரவாரம் அது. ஓடி ஜெயித்தவன் எவனுக்கும் அல்ல, ஓடிப்போன தண்ணீருக்கு. இன்ஜினியர் அம்மா கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணே, இனிமே நீங்க கேக்கற வேலை வேண்டாம். ஜாயின்ட் போடற பக்கம் வந்துடுங்க. நாளைக்கே டாக்டரைப் பாருங்க." பிறகு அவளிடம், "கூட யாராவது போங்க. டாக்டர் சொல்றது இவருக்குக் கேக்கணுமே" என்றாள்.

"நான் போறேன்" என்றாள் அவள். சொன்ன பிறகு அதை அவர் பக்கம் திரும்பி, அவர் பார்க்கும்படி இன்னொரு தடவை சொன்னாள். "நான்தான் கூட வர்றேன்."

அவர் தலையசைத்தார். குழாயிலிருந்து கையை இன்னும் எடுக்கவில்லை. முகம் ஈரமாக இருந்தது. இரும்பின் வேர்வையா என்று தெரியவில்லை.

"எப்படி இருந்துச்சு உங்களுக்கு?"

அவர் சொல்லப் பார்த்தார். அதை விட்டுவிட்டு அவள் கையை எடுத்து விரித்து, உள்ளங்கையில் தன் கை முஷ்டியை வைத்து அழுத்தினார். மெல்ல, பிறகு பலமாக, அவள் தோள்வரை போகும்படி. ஒரு குத்து. பிறகு விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார், நடுக்கம் அடங்குவது போல. எல்லாம் எடுத்த பிறகு கொஞ்சம் பொறுத்து, சுட்டுவிரலால் ஒரே ஒரு தட்டு.

"இது என்ன?" என்று கேட்டாள்.

"தெரியல. எல்லாம் அடங்கினப்புறம் ஒண்ணு வந்துச்சு. தனியா."

படிகளில் செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கியது. தொப்பி ஒரு பக்கம் சரிய நாத்தனார் வாசலில் வந்து மூச்சு வாங்கினாள்.

"அண்ணி, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. விசில் அடிச்சாங்களா, சுத்தி இருந்தவங்க எல்லாம் அழுத்திட்டாங்களா, அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அப்படியே நின்னுட்டேன். சாமி வந்த மாதிரி. கை போகவே இல்ல. எல்லாம் ஓய்ஞ்சப்புறம்தான் ஐயையோன்னு ஞாபகம் வந்து, நான் மட்டும் தனியா ஒரு அழுத்து அழுத்தினேன்."

அவள் குரல் மெல்லியது, வேகமானது. அவருக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. நேற்று வரை என்றால் சிரித்து வைத்திருப்பார். இப்போது மனைவியின் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்றா?" என்று கேட்டார்.

அவள் அவர் கையை விரித்து, உள்ளங்கையில் சுட்டுவிரலால் ஒரு தட்டுத் தட்டினாள்.